அம்மா வீடு மாற மறுப்பது வயதினாலா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன் தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும். அம்மாவுக்கு 68 வயது. மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில், அப்பா இருந்த காலத்திலிருந்து அதே வீடு. இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் நிர்வாகம் ஒன்றும் சொல்லாமல் விட்டுவைத்திருக்கிறது. லயத்தில் தமிழ்க் குடும்பங்கள் நாலைந்துதான் மிச்சம். மற்ற வீடுகளில் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் இருக்கிறார்கள். நீங்கள் புஞ்சாக் ஆலம் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கி, அம்மாவுக்கென்று கீழேயே ஒரு அறையும் ஒதுக்கிவிட்டீர்கள். அவர் வரமாட்டேன் என்கிறார். ஆனால் வாட்ஸ்அப்பும் டிக்டாக்கும் உங்களைவிட அவருக்கு நன்றாக வருகிறது. வயதானால் மனிதர்களுக்கு மாற்றம் ஏன் பிடிக்காமல் போகிறது, நானும் இப்படி ஆகிவிடுவேனா என்று கேட்டிருக்கிறீர்கள். போகிற போக்கில், உங்கள் வேலை இடத்தில் புதிய கணினி முறை வந்து உயிரை வாங்குகிறது என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு 44 வயது. பிறகு அந்த வரிக்கு வருகிறேன்.

நான் தோட்டத்துப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவள், பிறகு உளவியல் படித்து மாணவர் ஆலோசகராக இருந்தவள். பிறந்ததும் இருப்பதும் இந்த வட்டாரம்தான். என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வயதானால் மாற்றம் பிடிக்காது என்பது பாதி உண்மைகூட இல்லை. ஒரு மாற்றத்துக்காக இன்று நான் கொடுக்கிற விலை, எனக்கு மிச்சமிருக்கிற காலத்துக்குள் எனக்கோ என் பிள்ளைகளுக்கோ திரும்பி வருமா என்று எல்லோரும் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போடுகிறோம். வயது ஏற ஏற அந்தக் கணக்கின் விடை மாறுகிறது. கணக்குப் போடுகிற புத்தி பெரிதாக மாறுவதில்லை.

இதைப் பார்க்க நம் ஊரைவிட நல்ல இடம் கிடையாது. சிறுதோட்டம் வைத்திருப்பவர்களிடம் மறுநடவுப் பேச்சை எடுத்துப் பாருங்கள். செம்பனை 25 வருடம் தாண்டினால் மரம் உயர்ந்துவிடும். நீளக் கழியில் கட்டிய அரிவாள் குலைக்கு எட்டாது, காய்ப்பும் குறையும். சாய்த்துவிட்டுப் புதுக்கன்று வைத்தால் முதல் குலை வெட்ட ஏறக்குறைய 3 வருடம் ஆகும். கித்தா, அதாவது ரப்பர் மரம் என்றால் கத்தி வைக்கவே 5 முதல் 7 வருடம். ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்காக 1973-இல் ரிஸ்டா என்ற அரசாங்க அமைப்பு வந்தது, மறுநடவுக்கு உதவியும் கொடுக்கிறது. ஆனால் உதவித்தொகை வேறு, மாதாமாதம் கைக்கு வருகிற காசு வேறு.

எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இருவர், நிலம் பக்கத்துப் பக்கத்தில். இருவரிடமும் ஒரே வயது மரங்கள். தம்பிக்கு ஐம்பது சொச்சம், தயங்காமல் சாய்த்தார். வரிசைக்கு நடுவில் வாழை வைத்துக் காலத்தை ஓட்டினார். அண்ணனுக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. "கெழட்டு மரத்துல என்னா வருதோ அது போதும்" என்று சொல்லிவிட்டார். கடைத்தெருவில் அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை: காலத்துக்கு ஏற்ப மாறத் தெரியாத மனுஷன், மரமும் கிழடு ஆளும் கிழடு. எனக்கென்னவோ அவர் கணக்குச் சரியாகத்தான் பட்டது. அவருக்கு நீரிழிவு, ஒரு கண் மங்கல். இனி மூன்று வருடம் காசில்லாமல் காத்திருந்து, அதற்கப்புறம் வரும் குலையை அனுபவிக்க எத்தனை வருடம்? கொஞ்சமானாலும் இன்று வருகிற காசு அவருக்கு உசத்தி.

பிறகு ஒரு நாள் அவர் நிலக் கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) பேரன் பெயரை ஏற்றினார். அடுத்த மழைக்கு முன் மரங்களைச் சாய்த்துவிட்டார்! தம்பிக்கே ஆச்சரியம். அந்த ஒரு வருடத்தில் மனுஷனுக்கு வயது கூடியதே தவிர குறையவில்லை, பிடிவாதமும் அப்படியேதான் இருந்தது. பலன் போய்ச் சேருகிற ஆள்தான் மாறியிருந்தது. பேரனுக்கு முன்னால் இன்னும் ஐம்பது வருடம் இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டன்சன் பல வருடமாக ஆய்ந்து வருவதும் இதைத்தான். நமக்கு எத்தனை வயதாயிற்று என்பதைவிட, எவ்வளவு காலம் மிச்சமிருப்பதாக நினைக்கிறோம் என்பது நம் விருப்பங்களை அதிகம் ஆட்டுகிறது என்பது அவர் வாதம். காலம் நீண்டு கிடக்கிறது என்று நினைப்பவர் புது ஆட்களையும் புது இடங்களையும் தேடுவார். காலம் சுருங்கிவிட்டது என்று உணர்பவர் தெரிந்த முகங்களுக்கே திரும்புவார். இதைச் சோதிக்க ஹாங்காங் ஒரு வாய்ப்புக் கொடுத்தது. 1997 ஜூலையில் அந்த ஊர் பிரிட்டனிடமிருந்து சீனாவுக்குக் கைமாறியது. ஓராண்டு முன்பு கேட்டபோது, தெரிந்தவர்களோடுதான் நேரம் கழிக்க விருப்பம் என்று முதியவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். இரண்டு மாதம் இருக்கும்போது கேட்டால் இளையவர்களும் அதையே சொன்னார்கள். கைமாற்றம் முடிந்து ஓராண்டு கழித்து இளையவர்கள் பழையபடி புதுமைக்குத் திரும்பிவிட்டார்கள். ஏதோ ஒன்று முடியப் போகிறது என்ற உணர்வே இளைஞர்களைக் கொஞ்ச காலத்துக்குக் கிழவர்களாக்கிவிட்டது. இதன் மறுபக்கமும் உண்டு. மருத்துவம் முன்னேறி நீங்கள் எதிர்பார்த்ததைவிட 20 வருடம் கூடுதலாக வாழப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள் என்றபோது, முதியவர்களின் பதில் இளையவர்களுடையது போலவே இருந்தது.

ஹாங்காங்குக்கு ஏன் போக வேண்டும்? தோட்டம் கைமாறப் போகிறது, வீட்டு மனை வரப்போகிறது என்ற பேச்சு எந்தத் தோட்டத்தில் எழுந்தாலும், அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ஷா ஆலமில் வேலை செய்கிற, மற்ற வருடங்களில் தலைகாட்டாத பையன்கள் லீவு போட்டு வந்து பந்தல் கட்டுவார்கள். இருபத்திரண்டு வயதுப் பையன் தன் தாத்தாவைப் போல, "நம்ம கோயில் மாதிரி வருமா" என்பான்.

இந்தக் கணக்கை வைத்து உங்கள் அம்மாவைப் பார்த்தால் முரண்பாடே தெரியாது. வாட்ஸ்அப் கற்க ஒரு வாரம் தடுமாற வேண்டும், பலன் அன்று மாலையே பேரப்பிள்ளையின் முகமாக வந்துவிடுகிறது. தவறாக ஒன்றைத் தட்டினால் அதிகபட்சம் பேய் பொம்மை ஒன்று குடும்பக் குழுவில் போய் விழும். ஆனால் வங்கிச் செயலியை அவர் தொடமாட்டார், சரிதானே? அதில் தவறாகத் தட்டினால் சேமநிதியிலிருந்து எடுத்து வைத்த காசு போய்விடும். முப்பது வயதுக்காரன் ஏமாந்தால் திரும்பச் சம்பாதிக்கலாம், 68-இல் போனது போனதுதான். மோசடி நடந்தால் உடனே அழைக்க 997 என்று ஓர் எண்ணை 2022-இல் அரசாங்கமே தொடங்க வேண்டி வந்தது. அப்படியிருக்க, அவர் பயப்படுவதை நான் பிற்போக்கு என்று சொல்லமாட்டேன்.

கோவிட் காலத்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18-இல் வந்தது, அதன் பிறகு போகிற இடமெல்லாம் பதிய மைசெஜாத்ரா செயலியும் வந்தது, நினைவிருக்கிறதா? கைத்தொலைபேசியில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் மட்டும் தெரிந்த பாட்டிமார்கள் சந்தை வாசலில் நின்று கட்டத்தை ஸ்கேன் செய்தார்கள். பின்னால் நிற்கிறவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஏன் செய்ய வேண்டும் என்பது கண்ணெதிரே இருந்தது, செய்தால் உள்ளே போய் மீன் வாங்கலாம். அவ்வளவுதான்.

காலக் கணக்கு மட்டும் போதாது. இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஒரு மாற்றம் வரும்போது, அதுவரை நாம் சேர்த்து வைத்த கைத்திறமையின் மதிப்பு என்ன ஆகிறது?

பால்மரம் வெட்டிய கையை நீங்கள் கிட்டத்தில் பார்த்திருப்பீர்களோ தெரியாது, உங்கள் காலத்தில் இங்கே ஏறக்குறைய எல்லாம் செம்பனை ஆகிவிட்டது. விடியுமுன், வெயில் ஏறாத குளிரில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், நெற்றி விளக்கோடு மலைக்கு, அதாவது மரம் வெட்டுகிற காட்டுக்கு, போவார்கள். பட்டைக்கு அடியில் மரம் வளர்கிற அடுக்கு இருக்கிறது, அதைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலேயே கத்தி நிற்க வேண்டும். அதற்கு மேலோடு நின்றால் பால் குறையும். கொஞ்சம் ஆழம் போனால் மரம் வளர்கிற அடுக்கில் காயம் பட்டு, அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே கத்தி வைக்க முடியாது, கங்காணி வாயிலிருந்து வருவதையும் கேட்க முடியாது. இருட்டில், ஒரு மரத்துக்கு அரை நிமிடம்கூட இல்லை. கத்தி போகிற சத்தத்திலேயே ஆழம் தெரியும் என்று என் பெரியம்மா சொல்வார். இருபது முப்பது வருடம் அந்தக் கையில் ஊறிய அறிவு அது.

செம்பனை வந்ததும் அந்த அறிவுக்கு விலை பூஜ்யம். மலேசியாவில் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் நம் பக்கத்திலிருக்கிற தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது என்றாலும், 1960-களுக்குப் பிறகுதான் கித்தாவை வெட்டிவிட்டுச் செம்பனை வைப்பது வேகம் பிடித்தது. அப்போது இருபது வயதில் இருந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னும் ஒன்றையும் முழுசாகக் கற்றுக்கொள்ளாதவன் எதை இழப்பான்? ஐம்பது வயதுப் பெண் பிள்ளை, தோட்டத்திலேயே நல்ல வெட்டு என்று பேர் வாங்கியவர், நேற்று வேலைக்கு வந்த பெண்ணோடு சேர்ந்து உதிரிப் பழம் பொறுக்கினார். அவர் முணுமுணுத்ததை அன்று எல்லோரும் வயசுக் கோளாறு என்றார்கள்.

செம்பனையிலும் ஒரு வேலை இப்படி மாயமானது. அப்போதெல்லாம் செம்பனைப் பூவுக்கு மகரந்தத்தை ஆட்கள்தான் போய்த் தூவ வேண்டும். மரம் மரமாக ஏறெடுத்துப் பார்த்து, பூத்த பூவைக் கண்டுபிடித்துத் தூள் அடிப்பார்கள், பெரும்பாலும் பெண்கள். 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு வண்டை மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். அது பூவுக்குப் பூ பறந்து அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்தது, மகசூலும் ஏறியது. கம்பெனிக்கு லாபம், நாட்டுக்கு லாபம், அதில் சந்தேகமே இல்லை. தூள் அடித்த பெண்களில் சின்ன வயதுக்காரர்கள் எலக்ட்ரானிக் ஆலைகளுக்குப் பேருந்து ஏறினார்கள். நாற்பது தாண்டியவர்களை ஆலை எடுக்கவில்லை. புல் வெட்டவும் மருந்தடிக்கவும் போனார்கள். ஒரே வண்டு, ஒரே வருடம். இருபது வயதுக்காரிக்கு அது பட்டணத்துக்கு வழியாகவும், நாற்பத்தைந்து வயதுக்காரிக்குத் தோளில் மருந்துத் தோம்பாகவும் வந்தது. இவர்களில் யார் மாற்றத்தை வாழ்த்துவார், யார் சபிப்பார் என்று சொல்ல உளவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் அம்மாவின் தலைமுறை. வயதின் பேரில் நாம் எழுதி வைக்கிற பலவும் உண்மையில் பிறந்த வருடத்தின் பேரில் எழுத வேண்டியவை. 68 என்றால் மெர்டேக்காவை, 1957 சுதந்திரத்தை, ஒட்டிப் பிறந்தவர். அவர் கைக்குழந்தையாக இருந்த வருடங்களில் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோய்க்கொண்டிருந்தன. ஆளுக்குப் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டங்களை நாமே வாங்குவோம் என்று துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது 1969. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றானது. பெர்மிட் கிடைக்காத குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் தமிழ்நாட்டுக்குத் திரும்பின. பக்கத்து வீட்டு விளையாட்டுத் தோழி, ரஜுலா என்ற கப்பலில் ஏறிப் போனதைப் பார்த்த வயது அது. பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் முதுமையில் மற்ற வயது நினைவுகளைவிட அடர்த்தியாகத் தங்குகின்றன என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிற முடிவு.

ஆக, இந்தத் தலைமுறைக்கு மாற்றம் என்றால் ஆபீஸிலிருந்து வருகிற ஒரு காகிதம். பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கூட்டுகிற வரிசையில், நிற்க வைத்துக் கிராணி (தோட்டத்து எழுத்தர்) படித்துக் காட்டுவார். படித்து முடித்தால் யாரோ ஒருவர் மூட்டை கட்ட வேண்டும். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் அம்மா மூன்று நாள் தள்ளிப்போடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது 68 வயதின் குணமாக எனக்குத் தெரியவில்லை. 1969-இன் குணம். உங்களுக்கு 68 ஆகும்போது அது இருக்காது. உங்கள் தலைமுறைக்கென்று வேறொன்று இருக்கும்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. நம் ஊர்ப் பெயரை பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து பெஸ்தாரி ஜெயா என்று 2007-இல் மாற்றினார்கள். இன்றும் பாதிப் பேர் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், நானும்தான். அதை எதிர்ப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாய் பழகிவிட்டது, அவ்வளவே. பெரியவர்களின் எல்லாப் பழக்கத்துக்கும் ஆழமான காரணம் தேட வேண்டியதில்லை.

இப்போது நீங்கள் எதிர்பார்க்காத பகுதிக்கு வருகிறேன், உங்கள் கணினி முறைக்கு.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று சொல்லியே நாம் வளர்ந்தோம். ஐம்பதைப் பற்றி அது சொல்வது சரி. எழுபதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் பென்னி விஸ்ஸரும் ஜான் க்ராஸ்னிக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், தன் கருத்தை மாற்றிக்கொள்ளும் தன்மை இளமையிலும் முதுமையிலும் அதிகம், நடுவயதில்தான் மிகக் குறைவு என்று கண்டார்கள். தன் கருத்து சரி என்ற உறுதி, அது முக்கியம் என்ற எண்ணம், தனக்கு இதைப் பற்றி நிறையத் தெரியும் என்ற நினைப்பு எல்லாம் நடுவயதில்தான் உச்சத்தில் இருக்கின்றன. 1972 முதல் 2004 வரையிலான அமெரிக்கக் கருத்துக் கணிப்புகளை வைத்து 2007-இல் வந்த இன்னொரு ஆய்வு, அறுபது தாண்டியவர்களும் சமூக விஷயங்களில் தங்கள் கருத்தைக் கணிசமாக மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்றும், பெரும்பாலும் தாராளமான பக்கமாகவே நகர்ந்தார்கள் என்றும் காட்டியது.

இதை நான் ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன். பையன் சீனப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அப்பா ஐம்பத்திரண்டு வயது, கோயில் கமிட்டியில் பொறுப்பில் இருப்பவர். மகனோடு பேச்சை நிறுத்திவிட்டார். பாட்டிதான் முதலில் போனார், அதுவும் யாரிடமும் சொல்லாமல் கிராப் வாடகை வண்டியில். அந்தப் பாட்டி சாமானியப்பட்டவர் என்று நினைக்காதீர்கள். தன் மகள் வேறு சாதிப் பையனை விரும்பியபோது வீட்டையே ரணகளமாக்கியவர், அப்போது அவருக்கும் ஐம்பதுக்குள்தான். இப்போது அந்தச் சீன மருமகளோடு அடுப்படியில் நின்று, இருவருக்கும் பொதுவான பாசார் மலாயில், "சிக்கிட் லாகி, சிக்கிட் லாகி" (இன்னும் கொஞ்சம்) என்று மிளகாய்த்தூளைக் குழம்பில் போட வைத்துக்கொண்டிருந்தார். உங்களுக்கு மட்டும் எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். "எனக்கு இனிமே யாரு பொண்ணு கேட்டு வரப்போறா? மகனுக்குத்தான் கமிட்டில தலை நிமுந்து நிக்கணும்" என்றார்.

அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? நடுவயதில்தான் மனிதர் அதிகம் தாங்கிக்கொண்டிருக்கிறார்: பதவி, வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு, ஊரில் பேர். எந்தப் பக்கம் ஒரு மாற்றம் வந்தாலும் இவற்றில் ஒன்று ஆடும். உங்கள் வேலை இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் உங்கள் மேசைக்குத்தான் வந்திருப்பார்கள். புதிய முறையில் நேற்று சேர்ந்த பெண்ணும் நீங்களும் ஒரே வரிசை. உங்களுக்கு எரிச்சல் வருவது எனக்கு நன்றாகப் புரிகிறது. அம்மாவைச் சொல்கிற அதே வார்த்தையால் உங்கள் மேலதிகாரி உங்களைச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பும் மூளையும் மாறுவதை மறைக்கப் போவதில்லை. புதிதாக ஒன்றைப் பிடித்துக்கொள்கிற வேகம் இளவயதிலேயே உச்சம் தொட்டு மெல்ல இறங்குகிறது. சொல்வளமும் அனுபவ அறிவும் அறுபதுகள் வரைகூடத் தாக்குப்பிடிக்கின்றன. குணத்திலும் கொஞ்சம் உண்டு. பல வருடம் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 92 ஆய்வுக் குழுக்களை ஒன்றுசேர்த்து 2006-இல் வந்த அலசலில், புதியதை நாடும் மனம் இளமையில் ஏறி, நடுவில் அசையாமல் நின்று, முதுமையில் இறங்கியது. அது சராசரி. சராசரியை வைத்து உங்கள் அம்மாவை எடை போட முடியாது. அதோடு, விரைவு உணவுக்கடையில் அந்தத் தொடுதிரையின் முன் பெரியவர்கள் திணறுவதற்குப் பாதிக் காரணம் எழுத்து சிறியது, மலாயும் ஆங்கிலமும் கலந்து ஓடுவது, பின்னால் வரிசை நெளிவது. வேகம் குறைந்தவரை அவசரப்படுத்திவிட்டு, மாற்றம் பிடிக்காதவர் என்று பட்டம் கொடுப்பது நியாயமில்லை.

நானும் இப்படி ஆகிவிடுவேனா என்ற கேள்விக்கு 2013-இல் வந்த ஓர் ஆய்வு நல்ல பதில் வைத்திருக்கிறது. ஜோர்டி குவாட்பாக், டேனியல் கில்பர்ட், திமோத்தி வில்சன் மூவரும் 18 முதல் 68 வயது வரை 19,000-க்கும் மேற்பட்டவர்களை விசாரித்தார்கள். கடந்த பத்து வருடத்தில் எவ்வளவு மாறினீர்கள், அடுத்த பத்து வருடத்தில் எவ்வளவு மாறுவீர்கள்? எல்லா வயதுக்காரர்களும், முன்பு நிறைய மாறிவிட்டேன், இனிமேல் பெரிதாக மாறமாட்டேன் என்றார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளையும் அப்படியே. வயது கூடக் கூட மாற்றத்தின் அளவு குறைவது உண்மைதான், ஆனால் ஒவ்வொருவரும் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே மாறுகிறார்கள். ஆகவே 68 வயதில் எப்படி இருப்பீர்கள் என்று இன்று நீங்கள் வரைகிற படம் எப்படியும் தப்பாகத்தான் இருக்கும். அதற்காக இப்போதே கவலைப்பட வேண்டாம்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். அங்கே என் கருத்து கொஞ்சம் கறார்.

அம்மா மறுப்பது வீட்டையா, அல்லது அந்த வீட்டை முடிவு செய்ததில் தனக்குப் பங்கில்லாமல் போனதையா? நீங்கள் எழுதியதில், வாங்கியது நீங்கள், அறையைத் தேர்ந்தெடுத்தது உங்கள் மனைவி, சாயம் பூசியாகிவிட்டது, தீபாவளிக்குள் வந்துவிட வேண்டும் என்று நாளும் குறித்தாகிவிட்டது. ஆபீஸ் காகிதத்துக்கும் இதற்கும் அம்மாவின் கண்ணில் என்ன வித்தியாசம்? புத்ராஜெயா எழுந்தபோது பிராங் பெசார் முதலான நான்கு தோட்டத்துக் குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனதை அவர் கேள்விப்பட்டிருப்பார். காய்கறிப் பாத்தியும் மாட்டுக் கொட்டகையும் வைத்திருந்தவர்கள் மாடிப்படி ஏறினார்கள்.

எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் 1976-இல் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், அறையில் எதை எங்கே வைப்பது என்பதெல்லாம் உங்கள் இஷ்டம் என்று சொல்லி, விரும்பினால் ஒரு செடியை எடுத்துக்கொண்டு நீங்களே பராமரியுங்கள் என்றார்கள். இன்னொரு மாடியில், உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு என்றார்கள். செடி கொடுத்தார்கள், தண்ணீர் ஊற்றியது தாதியர். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்களிடம் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் கூடியிருந்தன. நீங்கள் அம்மாவுக்கு அந்த இரண்டாவது மாதிரி மாடியைத்தான் கட்டி வைத்திருக்கிறீர்கள், அன்பால்தான் என்றாலும்.

ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்பதை நிறுத்துங்கள். அங்கே வந்தால் உங்களுக்கு எதெல்லாம் இல்லாமல் போகும் என்று கேளுங்கள், அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக் கோயில், நீரிழிவு மருந்துக்குப் பழகிய அரசாங்க கிளினிக், முருங்கையும் கறிவேப்பிலையும், சாயங்காலம் வாசலில் வந்து உட்காருகிற இரண்டு பேர், மோட்டாரில் மீன் கொண்டுவருகிற ஆள் என்று வரும். கிளினிக்கை மாற்றலாம். வெள்ளிக்கிழமை யார் வண்டி ஓட்டுவது என்று பெயர் போட்டே முடிவு செய்யலாம், சும்மா பார்க்கலாம் என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். வீட்டுக்குப் பின்னால் சிமெண்டு போடாமல் கொஞ்சம் மண் விடுங்கள், போட்டுவிட்டீர்களென்றால் உடையுங்கள். வாசலில் வந்து உட்காருகிற அந்த இரண்டு பேருக்கு மாற்று கிடையாது. கிடைக்கும் என்று பொய் சொல்லாதீர்கள், அதை இழப்பு என்றே ஒத்துக்கொள்ளுங்கள். அறையின் சாயம், சாமி மாடம் எந்தப் பக்கம், எந்த மாதம் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரட்டும். முதலில் மாதத்தில் ஒரு வாரம் மட்டும் வந்து இருக்கட்டும், தோட்டத்து வீட்டுச் சாவி அவர் இடுப்பிலேயே இருக்கட்டும்.

இதையெல்லாம் தள்ளிப்போடாதீர்கள். ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நிர்வாகம் என்றைக்கு வேண்டுமானாலும் கடிதம் கொடுக்கலாம். அது வந்த பிறகு நீங்கள் எவ்வளவு பக்குவமாகப் பேசினாலும், அவர் உங்கள் வீட்டுக்கு வந்ததாக ஆகாது. இன்னொரு காகிதத்துக்காக மூட்டை கட்டியதாகத்தான் ஆகும்.